இட்லித் தட்டில் வெங்காயத்தாமரை

தையல்நாயகி இதுவரை ஜெயித்தவை: பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் மீது தொடுத்த பஞ்சாயத்து, வீட்டுக்காரம்மாவிடமிருந்து மொட்டைமாடியின் முக்கால் பாகம், மாவரைக்கும் கிரைண்டரில் களைச்செடி அரைப்பதற்கு மருமகளின் சம்மதம், மகளிர் குழுக் கண்காட்சியில் மாங்காய்த் தொக்குக்கு அடுத்தபடியாக இரண்டாம் பரிசு, 'பிளாஸ்டிக் ஒழிப்பு வீராங்கனை' என்று அச்சடித்து, ஈரம் படாமலிருக்க இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை ஒட்டிக் கொடுத்த சான்றிதழ். ஜெயிக்காதது ஒன்றுதான். அவள் செய்கிற பேக்கிங் தட்டில் அவள் பெயர் கிடையாது.

இந்தப் பட்டியல் அவளிடம் கேட்டால் கிடைக்காது. அவள் அண்ணன் அரிகிருஷ்ணனிடம் கேட்கவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அரியாங்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவர் அவர். எட்டாவது வரை படித்தவர். காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள் செய்யும் கம்பெனியில், குமிழியை அமுக்கிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. சாப்பாட்டுப் பையில் தங்கை செய்த தட்டு ஒன்று எப்போதும் இருக்கும். "பிளாஸ்டிக்கே இல்லாத பேக்கிங் சார். எங்க பாப்பா செய்யறது" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் எடுத்துக் காட்டுவார். எடுப்பதற்குக் கொஞ்சம் நேரமாகும். நசுங்கிவிடக் கூடாதென்று கம்பெனிக் குமிழித் தாளில் மூன்று சுற்று சுற்றி வைத்திருப்பார்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. காலையில் மொட்டைமாடியில் காயும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது, மறுபடி வெயிலுக்கு. கன்னத்தோடு கன்னமாக வெதுவெதுப்பாக இருந்தால் காய்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் அவள் போன் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். இவ்வளவு நேரம் யாரிடம் பேசுகிறாள், அதுவும் பதிலே சொல்லாமல், என்று தெருவில் ஒரு வாரம் பேச்சு ஓடியது.

அவள் வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தவள். இட்லிகூடப் பைக்கில் ஏறி வீடு தேடிப் போகும் காலம் வந்த பிறகு, அவள் வாசலுக்கு ஆள் வருவது நின்றது. பாத்திரங்கள் மிஞ்சின. அந்தச் சமயத்தில்தான் மகளிர் குழுவில், நீர்நிலைகளை மூடிப் படரும் வெங்காயத்தாமரைக் களையிலிருந்து பேக்கிங் தட்டு செய்யும் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். அச்சு இயந்திரத்தின் படத்தை மட்டும் காட்டிவிட்டு, எல்லாருக்கும் தெர்மாகோல் தட்டில் சாம்பார் சாதம் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் சாம்பார் சாதத்தைப் பார்த்தார்கள். தையல்நாயகி படத்தைப் பார்த்தாள், வீட்டுப் பரணில் கிடந்த இட்லித் தட்டை நினைத்தாள்.

வேலையை விவரித்தால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். வேரை அறுத்துப் போட்டுச் செடியை அலச வேண்டும். பொடியாக நறுக்கிக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைக்க வேண்டும். நுரை அடங்கும்வரை கழுவிப் பழைய செய்தித்தாளோடு கிரைண்டரில் அரைக்க வேண்டும். இட்லித் தட்டின் குழியில் துணி விரித்து, கூழை ஊற்றி, மேலே இன்னொரு தட்டால் அமுக்கினால் தண்ணீர் வடிந்து வட்டவட்டமாக நிற்கும். ஆவி வேண்டாம், வெயில் போதும். சில தட்டுகளில் செய்தித்தாள் சரியாக அரைபடாமல் எழுத்து ஒன்றிரண்டு தெரியும். ஒருமுறை யாரோ ஓர் அமைச்சரின் மூக்குக் கண்ணாடி முழுசாக நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தத் தட்டை அவள் விற்கவில்லை. "அவுரு பாட்டுக்கு இருக்கட்டும்" என்று ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

செடிக்குப் பஞ்சமில்லை. மழை பிடித்தால் ஏரிகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்து நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒதுங்கும். படகுக்காரர்கள் அதைத் திட்டிக்கொண்டே கரையில் வாரிப் போடுவார்கள். முதல் வருஷம் இவள் சாக்கோடு போய் நின்றபோது, "மகராசியா வாரிக்கினு போக்கா" என்று கும்பிட்டார்கள். மறுவருஷம் அவள் தேடி வருகிறாள் என்று தெரிந்ததும், "எதுனா பாத்துக் குடுக்கா, எங்க ஆத்துச் செடி" என்றார்கள். தையல்நாயகி சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, ஒங்க செடிய நீங்களே வெச்சிக்கோங்க. நா வர்றேன்." பத்தடி நடப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊறிய செடி ஏற்றிக்கொண்டு அவள் ஷேர் ஆட்டோவில் ஏறினால் மற்றவர்கள் இறங்கும் இடம் சட்டென்று நினைவுக்கு வந்து இறங்கிவிடுவார்கள். கல்யாணங்களில் தாம்பூலப் பை வாங்கும்போது பிளாஸ்டிக் பையைத் தனியாகப் பிரித்து, தேங்காயை முந்தானையில் போட்டுக்கொண்டு, பையை மாப்பிள்ளையின் அப்பா கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். அவர் மொய்தான் என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

முதல் வாடிக்கை ஷஹாபுதீன் பாய். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை வைத்திருப்பவர். வெங்காயத்தாமரையின் காய்ந்த தண்டுக்குள் பஞ்சு மாதிரி காற்று நிற்கும். அதைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"இத்த சுத்துனா சாமான் ஒடையாதா?"

"ஒடையாது பாய்."

"ஒடஞ்சிட்டா?"

"வேற குடுங்க, மறுபடி சுத்தித் தர்றேன்."

"ஏம்மா, ஒடையறது ஏங்கிளாசு, சுத்தறது மட்டும் ஒன்னுதா?"

அவள் தண்டுக் கட்டைப் பிரித்தாள். அலமாரியிலிருந்த விளக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள், தண்டால் சுற்றினாள், கடையின் கல்படிகளில் மேலிருந்து உருட்டிவிட்டாள். அது உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் முழுசாக நின்றது. பாய் பயத்தில் கையிலிருந்த இன்னொரு கண்ணாடியைக் கீழே விட்டார். அது உடைந்தது. "நல்லா இருக்கும்மா ஒன் வியாபாரம்" என்று சொல்லி அன்றைக்கே நான்கு சாக்குத் தண்டு வேண்டுமென்றார்.

ஆனால் அவள் தட்டை ஊர் பார்க்க வைத்தது கவிநிலா. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் நிற்கும் ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் வீடு ஒன்றில் வாசனை சோப்புக் கடை வைத்திருக்கும் சென்னைப் பெண். கடையின் பெயர் பிரெஞ்சு; எழுதியிருப்பதில் பாதி எழுத்தை வாயால் சொல்லக் கூடாதாம். அரிகிருஷ்ணன் ஓர் எழுத்தையும் வீணாக்காமல் வாசிப்பார், வாசலில் நிற்கும் காவலாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கவிநிலாவின் சோப்பு வட்டமானது. தையல்நாயகியின் தட்டில் குழியும் வட்டம். சோப்பை வைத்துப் பார்த்ததும் கவிநிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, இது வெறும் ட்ரே இல்ல. இது நிலா."

"இல்லம்மா, இட்லி."

"ஐயோ, அத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சோப்போடு போகும் துண்டுச்சீட்டு வந்தது. 'நதியின் மகள் நிலவொளியில் வார்த்தெடுத்தது' என்று மூன்று மொழியில் போட்டிருந்தது. பக்கத்தில் படம்: படகில் உயரமான பெண் ஒருத்தி கைத்தறிப் புடவையில் உட்கார்ந்து, மடியில் வெங்காயத்தாமரையை வைத்துத் தூரத்தில் எதையோ பார்க்கிறாள். தையல்நாயகி அவளையே வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"நீங்கதான் அக்கா. ஒரு ஃபீலுக்காக."

"நா எப்ப இவ்ளோ செவப்பானேன்?" கடைப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத்தான் கேட்டாள்: "எம் பேர போடேம்மா இதுல."

"போடலாம் அக்கா. ஆனா இங்கிலீஷ்ல எழுதுனா ரொம்ப நீளம், டிசைன் உக்காராது. சுருக்கி 'தையல்'னு போட்டா ஜாக்கெட் தைக்க வந்துடுவாங்க."

அன்று வீடு திரும்பியவள் நேராகக் கிரைண்டருக்குப் போனாள். இருட்டும்வரை அது ஓடியது. அன்றைய கூழ் வெண்ணெய் மாதிரி இருந்தது. கோபத்தோடு அரைத்தால் தங்கைக்கு அப்படித்தான் வரும் என்பது அண்ணன் கண்ட உண்மை. அரசாங்க அட்டைகளை விட்டால், கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் எதிலும் அச்சாகவில்லை; சான்றிதழில்கூட வீராங்கனை மட்டும்தான். மேஸ்திரி பொண்டாட்டி என்றார்கள், இட்லிக்காரம்மா என்றார்கள், இப்போது நாத்தச் செடி அக்கா. மகளிர் குழுவில் எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டபோது இவள் மட்டும் கட்டைவிரலை நீட்டினாள். மூன்றாவது வரை படித்தவள், பஸ் போர்டு முதல் சினிமா போஸ்டர் வரை வாசிப்பவள். ஏன் என்று கேட்ட அண்ணனுக்கு அவள் சொன்னது: "தெரியாமயா இருக்கேன்? கையெழுத்துன்னா என்னுதுன்னு எதுனா இருக்கணும். வூடு வாடவைக்கு. கேஸ் சிலிண்டரு எங்க வூட்டுக்காரு பேருல. கடனு குழு பேருல. அதுக்கெல்லாம் வெரலு போதும்ணா."

பூ வந்தது அதற்குப் பிறகுதான். பெயர் இல்லாவிட்டால் ஓர் அடையாளமாவது இருக்கட்டும் என்று, ஈரக் கூழின் நடுவில் வெங்காயத்தாமரைப் பூங்கொத்தை வைத்து அமுக்கினாள். புதுப் பூ வெளுத்துப் போனது. வாடித் தலை கவிழ்ந்த கொத்துதான் நிறம் பிடித்து நின்றது. அதையே தேடித் தேடிப் பறித்தாள். செடிதான் கொதிநீரில் வெந்தது, பூ வேகவில்லை. வாடிய கொத்தின் அடியில் இருக்கும் பொடிக் காய்களில் விதை இருக்கும். இதை அவளும் யோசிக்கவில்லை. ஆற்றில் கிடக்கும் செடியைப் பிறந்ததிலிருந்து பார்த்த அண்ணனும் யோசிக்கவில்லை. "சூப்பரா இருக்குது பாப்பா" என்று பூ வைத்த தட்டை நான்கு சுற்று சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

துண்டுச்சீட்டின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'பயன்படுத்திய பின் நிலத்திலோ நீரிலோ விடுங்கள். வந்த இடத்துக்கே திரும்பிவிடும்.' அது எப்படித் திரும்புகிறது என்று வீடியோ எடுக்க, கவிநிலா தன் கடை முற்றத்துத் தொட்டியில் ஒரு தட்டை மிதக்கவிட்டாள். ரோஜா இதழும் தங்க மீனும் உள்ள தொட்டி. தட்டு கரைந்தது. சில வாரங்களில் அங்கே இரண்டு பச்சை இலை எட்டிப் பார்த்தது. "இது உயிர் குடுக்குது!" என்று கவிநிலா அடுத்த வீடியோ போட்டாள். அதைப் பார்த்து வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டு வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். சித்திரை வெயிலில் ரோஜா இதழ் போட இடமில்லை. வைகாசியில் தொட்டியே தெரியவில்லை. மீன்கள் மூச்சுக்கு மேலே வந்து முட்டின, கொசு வந்தது, கொசு மருந்து அடிக்கிறவர் வந்தார். அப்புறம் பக்கத்துத் தெரு விடுதிக்காரர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள், அவர்கள் தாமரைத் தொட்டியிலும் இதே கதை. ஆற்றிலிருந்து திட்டித் திட்டி வாரி எறிந்த செடி, வாசனை சோப்போடு ரிப்பன் கட்டிக்கொண்டு ஒயிட் டவுனில் குடியேறிவிட்டது.

தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கு ஆயிரம் தட்டு என்று கவிநிலா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதை நம்பித் தையல்நாயகி தெருவில் இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தாள். இப்போது உடனே வரச் சொல்லி ஆள் வந்தது. அரிகிருஷ்ணன் அரை நாள் லீவு போட்டுத் துணைக்குப் போனார்.

முற்றத்து மேஜையில் ஒரு பத்திரம் தயாராக இருந்தது. தமிழில்தான் இருந்தது. அரிகிருஷ்ணன் விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பாப்பா! ஒம் பேரு போட்டுருக்காங்க! முழுசா!"

அடுத்த வரிக்கு விரல் நகர்ந்தது. அவர் குரல் இறங்கியது. மேற்படி தட்டுகளால் எந்தத் தொட்டியில், எந்தக் குளத்தில், எந்தச் சேதம் ஏற்பட்டாலும் அவற்றைத் தயாரித்த தையல்நாயகியே முழுப் பொறுப்பு. கடைக்கு இதில் சம்பந்தமில்லை. அதற்குக் கீழும் தையல்நாயகி, அதற்கும் கீழே தையல்நாயகி.

"நீளமா இருக்குதுன்னியேம்மா" என்றாள் அவள். "இதுல நல்லா ஒக்காந்துடுச்சே."

"அக்கா, இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இதுல சைன் பண்ணாதான் நான் தீபாவளி ஆர்டர கண்டினியூ பண்ண முடியும்."

தையல்நாயகி வழக்கம் போலக் கட்டைவிரலை நீட்டினாள். மையில் தோய்த்து அமுக்கினார்கள். தாளில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது, அவ்வளவுதான். ரேகை இல்லை. மறுபடி அமுக்கினார்கள், இன்னொரு பொட்டு. காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறி ஊறி ரேகையெல்லாம் எப்போதோ கரைந்து போயிருந்தது. பத்திரத்தைக் கொண்டுவந்த கணக்குப்பிள்ளை, "இது செல்லாது மேடம்" என்றார்.

"அப்போ கையெழுத்து போட்டுடுங்க அக்கா. உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே."

"கையெழுத்து என்னுதுக்குத்தான் போடுவேன். இந்தத் தட்ட நானா செஞ்சேன்? நதியோட மக செஞ்சாளாமே. நெலா வெளிச்சத்துல. அவளக் கூப்புடு, வந்து போடட்டும்."

கணக்குப்பிள்ளை தாளைப் பார்த்தார். கவிநிலா கணக்குப்பிள்ளையைப் பார்த்தாள். அரிகிருஷ்ணன் தங்கையின் முழங்கையைத் தொட்டு, "ஆர்டர் பூடும் பாப்பா" என்றார், உதடு அசையாமல்.

அவள் முழங்கையை விடுவித்துக்கொண்டாள். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், அந்தச் செதுக்கு வேலைக் கல்தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். முழங்கால் தண்ணீரில் நின்று, செடியை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி முற்றத்துத் தரையில் எறிந்தாள். சோப்பு வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். கவிநிலாவின் கை பழக்கத்தில் போனை உயர்த்தியது. பிறகு தானாகவே கீழே இறங்கியது.

ஒரு செடியைத் தூக்கி, வாடிக் கவிழ்ந்த கொத்தைப் பிளந்து, அதன் அடியைக் கவிநிலாவிடம் காட்டினாள். உள்ளே கடுகைவிடச் சின்னதாக விதை.

"பூ வெச்சது நாந்தான். நீ கேக்கல. அழகா இருக்கட்டும்னு வெச்சேன், ஏங்கொழுப்பு. தப்பு என்னுது. பக்கத்து வூட்டுத் தொட்டியெல்லாங்கூட நானே வந்து புடுங்கிக் குடுக்கறேன்." செடியைக் கீழே போட்டாள். "தப்பு என்னுதுன்னா தட்டு யாருதும்மா?"

கவிநிலா வாய் திறந்தாள். டிசைனைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவள் போலிருந்தது. "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்றாள்.

"யோசி."

பத்திரம் இரண்டு நீலப் பொட்டுகளோடு மேஜையிலேயே கிடந்தது. பிடுங்கிய செடியை மூன்று சாக்கில் அடைத்து, அண்ணனும் தங்கையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் அரிகிருஷ்ணன் தங்கை பக்கம் திரும்பினார். "கம்பெனில மாமூலா ஒரு வார்த்த சொல்லுவாங்க, பார்ட்டிய மொறச்சிக்கக் கூடாதுன்னு" என்றார். தங்கை சாக்கைத் தட்டிப் பார்த்தாள். "தண்டு நல்லா பருத்துருக்குண்ணா. தங்க மீனு சாணி சாப்ட்ட செடி."

மறுநாள் அவர் முழு நாள் லீவு. இந்த முறை கொத்தையெல்லாம் காயோடு கிள்ளி அடுப்பில் போட்டாள், அது பொரிந்து அடங்கும்வரை நின்று பார்த்தாள். செடி வெந்தது, கழுவினாள், அரைத்தாள். இட்லித் தட்டில் துணி விரித்து, ஊற்றி, அமுக்கி, மேல்தட்டை எடுத்தாள். பூ இருந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது. வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் அடுத்து என்ன வைக்கப் போகிறாள் என்று பார்த்தார்கள். அவள் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள்.

"காஞ்சப்புறம் சீட்டு ஒட்டிக்கலாமே பாப்பா."

"சீட்ட கிழிச்சிடுவாங்கண்ணா. இத்த எடுக்கணும்னா தட்டத்தான் ஒடைக்கணும்."

"பேரப் பாத்துட்டு கடைக்காரம்மா வேணான்னுட்டா?"

"பாய் கடைக்குப் போவும். பேரோட போவும்."

"எழுத்து மறந்துருக்கும். நா காத்துல எழுதிக் காட்டட்டா?"

"அக்கட்ட நவுரு, வெளிச்சத்த மறைக்கிற."

அரிகிருஷ்ணன் நகர்ந்தார். அவள் இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரேகை இல்லாத கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஈர்க்குச்சி கொஞ்சம் வழுக்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். தை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, ய அதை ஒட்டி நின்றது, ல் வளைவில் கூழ் சுருண்டு வந்தது. அதை நகத்தால் எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதி மூன்று எழுத்தையும் எழுதினாள். பெயருக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கையெழுத்துக்குக் கீழே போடுவதுபோல அங்கே அன்றைய தேதியையும் குத்தினாள்: 12.6.2025.